பாசிமணியும் கடல்கோளும்

பழந்தமிழர் அறியாத கலை எதுவுமில்லை என்பார் ஒரு சாரார். அவர்கள் அறிந்தவை இன்றைய அறிவியலின் முன் சிறுபிள்ளை விளையாட்டே என்பார் மறுசாரார். பள்ளி இலக்கிய விழாக்களிலும் இளைஞர் மன்ற மேடைகளிலும் இவ்விரு கட்சியாரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். நடுவர் நயம்பட ஒரு தீர்ப்புச் சொல்வார்; கைதட்டல் எழும்; அவை கலையும். வழக்கின் அடியில் கிடக்கும் வினா மட்டும் எழுப்பப்படாமலே போய்விடும். மறைந்துபோன ஓர் அறிவைத் தமது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பின்வந்தோர்க்கு எதனால் வருகிறது? பிறப்பினால் வருகிறதா, கற்றலினால் வருகிறதா?

இதனை ஆராய எகிப்துக்கும் பாபிலோனுக்கும் செல்ல வேண்டுவதில்லை. கெடா மாநிலத்தில் மூடா ஆறு கடலொடு கலக்குமிடத்தில் கோத்தா கோலா மூடா என்னும் சிற்றூர் இருக்கிறது. மீனவர் குடியிருப்புகளும் வயல்களும் தென்னைகளும் சூழ்ந்த ஊர். அதனைச் சார்ந்த சுங்கை மாஸ் என்னும் சிற்றூரின் மண்ணுக்கடியில் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு துறைமுகம் புதையுண்டு கிடக்கிறது. அகழ்ந்தவர்களுக்குச் சீன நாட்டு மட்கலங்களின் ஓடுகளும், மேற்காசியக் கலங்களின் சிதைவுகளும், பௌத்தக் கல்வெட்டும் கிடைத்தன. அவற்றினும் மிகுதியாகக் கிடைத்தவை கண்ணாடிப் பாசிமணிகள். எள்ளளவே உடையவை சில. மிளகளவு உடையவை சில. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கருமை எனப் பல நிறத்தின. மணிகளோடு உருகிய கண்ணாடிக் கட்டிகளும், உருவாகும்போதே பழுதுபட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மணிகளும் கிடைத்தன. விற்பனைக்கு வந்த ஊரில் பழுதான மணி கிடைப்பதற்குக் காரணமில்லை. பழுது கிடைக்குமிடம் பட்டறையே. ஆகவே மணி இங்கேயே செய்யப்பட்டது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். ஓர் ஊரின் தொழிற்பெருமைக்கு அவ்வூரின் பழுதுகளே சான்றாய் நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

இம்மணிகளை ஆய்வாளர் இந்தோ-பசிபிக் மணிகள் என வழங்குவர். ஆப்பிரிக்கக் கரை முதல் கொரியா, ஜப்பான் வரை இவை கிடைத்துள்ளன. இவற்றின் வரலாற்றை வாழ்நாளெல்லாம் தேடியவர் பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்கர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடே இத்தொழிலின் தொன்மையான நிலைக்களங்களுள் தலையாயது என்பது அவர் கருத்து. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானிய வணிகச் சான்றுகளை வெளிக்கொணர்ந்த அதே அரிக்கமேடுதான். அங்கிருந்து இலங்கையின் மாந்தைக்கும், வியட்நாமின் ஓக்-ஏயோவுக்கும், தென் தாய்லாந்துக்கும், பேராக் மாநிலத்துக் கோல செலின்சிங்குக்கும், கெடாவின் சுங்கை மாசுக்கும் தொழில் பரவியது என அவர் வழி காட்டினார்.

எப்படிச் செய்தனர்? கண்ணாடிக் குழம்பில் இத்துணைச் சிறு மணியை ஒவ்வொன்றாக உருட்டித் துளையிட்டால் ஒரு மாலைக்கு ஒரு திங்கள் வேண்டும். கடல்கடந்த வணிகத்துக்கு அது கட்டுப்படியாகாது. எந்த ஏட்டிலும் அவ்விரகு எழுதப்படவில்லை. எழுதப்படாத விரகு அழிந்ததென்று கொள்வதே இயல்பு. ஆனால் அஃது அழியவில்லை. ஆந்திர மாநிலத்தில் திருப்பதிக்கு அணித்தாக உள்ள பாபாநாயுடுபேட்டை என்னும் ஊரில், அதே முறையில் மணி செய்யும் குடும்பங்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் இருந்தன. பிரான்சிஸ் அங்குச் சென்று அமர்ந்து, நூலில் கிடைக்காததைக் கண்ணால் கண்டார்.

உலையில் உருகிய கண்ணாடியைப் பெருந்திரளாக நீண்ட இரும்புக் குழலொன்றின் முனையில் ஏற்றிக்கொள்கின்றனர். லாடா என்பது அக்குழலின் பெயர். திரளைக் கூம்புபோல் உருட்டி, குழலின் உள்ளே செலுத்திய கோலால் கூம்பின் நடுவே துளை செய்கின்றனர். பின்னர் அதனை உலைக்குள் வைத்து, மறுபக்கத்து வாயில் வழியாகத் தலைமைக் கைவினைஞர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுக்கிறார். துளை மூடாத மெல்லிய குழாயாகக் கண்ணாடி நீண்டு வந்துகொண்டே இருக்கிறது. மணிக்கணக்கில் இடையறாது இழுத்தல் வேண்டும். விரைந்தால் இழை மெலியும், தயங்கினால் தடிக்கும். அக்குழாய்களைச் சிறு துண்டுகளாகத் தறித்து, துளை அடைபடாதவாறு சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கி மணிகளாகின்றன. வெப்பத்தை அளக்கக் கருவி இல்லை. உலையின் நிறமே அளவை. செம்பு சேர்த்து உண்டாக்கும் கருஞ்சிவப்பு நிறம் உலைக்குள் காற்று மிகுந்தால் கைகூடாது. அதனையும் அவர்கள் அறிந்திருந்தனர். சொல்லால் அன்று, கையால்.

இவ்வொரு செய்தி பட்டிமன்றத்தின் இரு கட்சியையும் ஒருசேர மறுக்கிறது. முன்னோர் கலை சிறுபிள்ளை விளையாட்டு அன்று. அதே வேளையில் அது மறைபொருளும் அன்று. தெய்வத்தால் அருளப்பட்டு மாந்தரால் மறக்கப்பட்டதும் அன்று. வெப்பத்தோடும் வியர்வையோடும் பல தலைமுறை பழகிய கைகள் கண்டறிந்த ஒழுங்கு அது. கைகள் கைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வரையில் வாழ்ந்தது. சுங்கை மாசில் அத்தொடர் அறுந்தது, பாபாநாயுடுபேட்டையில் அறவில்லை.

தமிழகத்து உருக்கின் கதையும் இதுவே. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இரும்புத் துண்டுகளோடு மரத்துண்டும் இலையும் இட்டு, மட்குகையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, நெடுநேரம் காய்ச்சி மெல்ல ஆறவைத்துப் பெறும் உருக்கு, தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியா சென்று புகழ்பெற்ற வாள்களாயிற்று. ஐரோப்பியர் அதனை ஊட்ஸ் என்றனர். மைக்கேல் பாரடே 1819-இல் அதனை ஆராய்ந்தார். கொல்லரின் மகனாகிய அவரே அதன் சிறப்புக்குக் காரணம் அதிலுள்ள அலுமினாவும் சிலிக்காவுமே என முதலில் பிறழக் கணித்தார். கரிமத்தின் அளவும் ஆறவைக்கும் முறையுமே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஐரோப்பிய ஆய்வுக்கூடம் அதன் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், செய்து காட்டவல்லவர்களின் உலைகள் இந்தியாவில் ஒவ்வொன்றாக அணைந்தன. மலிவான ஆலை இரும்பு வந்து குவிந்தபின் கொல்லர் மக்கள் வேறு பிழைப்புத் தேடிக்கொண்டனர். அறிவு நெருப்பில் அழிவதினும் கூலியின்மையால் அழிவதே மிகுதி.

இனி, பெருமை பேசுவார் செய்யும் தீங்கு ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோவிலின் விமான நிழல் தரையில் விழாது என்பர். விழுகிறது, எந்த மாலையிலும் சென்று காணலாம். விமானத்தின் உச்சியிலிருப்பது எண்பது டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பர். அது பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டது. இப்பொய்கள் இராசராசனுக்குப் புகழ் சேர்ப்பதாகக் கருதப்படுகின்றன. உண்மையில் இவை அக்கோவிலைக் கட்டிய தச்சரின் உழைப்பை மறைக்கின்றன. சுண்ணச் சாந்தின்றிக் கல்லொடு கல் பொருத்தி, ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி, ஆயிரம் ஆண்டு நிலைக்கச் செய்த கணக்கு எத்தகையது என்று வினவ வேண்டிய மாணவன், விழாத நிழலை வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். பொய்யான வியப்பு மெய்யான வியப்பின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது. பின்னொரு நாள் அவன் நிழலைத் தன் கண்ணால் கண்டால், ஆசிரியர் கூறிய ஏனையவற்றையும் ஐயுறுவான். அவன்மேல் குற்றமில்லை.

கெடாவிலும் இந்நோய் பல வடிவில் தலைகாட்டுகிறது. பீடோங்குக்கும் மெர்போக்குக்கும் இடைப்பட்ட சுங்கை பத்து பகுதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்வு நடத்தி, இரும்பு உருக்கிய களங்களையும், உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழல்களையும், செங்கற் கட்டடங்களையும் கண்டனர். குழல்கள் ஒன்றிரண்டு அல்ல. குவியல் குவியலாகக் கிடந்தன. அக்களத்தின் தொடக்கம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டென்றும், பின்னர் கி.மு. 8-ஆம் நூற்றாண்டென்றும் அறிவிக்கப்பட்டது. அத்துணைப் பழமை சான்றுகளால் உறுதிப்படவில்லை எனக் கருதும் ஆய்வாளரும் உளர். ஆய்வுலகில் இவ்வேறுபாடு இயல்பானது. ஆனால் ஆய்வு முடியுமுன்னரே அது யாருடையது என்ற பூசல் தொடங்கிவிட்டது. தமிழன் வந்து கற்பித்தான் என்பார் ஒருவர். வெளியார் எவர்க்கும் பங்கில்லை என்பார் மற்றொருவர். இரும்பை உருக்கியவன் எம்மொழி பேசினான் என்பதற்கு இரும்புக் கசடு சான்று சொல்லாது.

தமிழர்க்குக் கெடாவோடுள்ள உறவு பொய்யன்று. பட்டினப்பாலை புகார்த் தெருவில் குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் எண்ணுகிறது. அது கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக அளித்ததை லெய்டன் செப்பேடு கூறும். அவ்வுறவு இருபது ஆண்டும் நிலைக்காமல், 1025-இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. மேடைகளில் இப்படையெடுப்பு மட்டுமே முழங்கப்படுகிறது, விகாரம் நினைக்கப்படுவதில்லை. தாக்கியவன் பெயர் தாங்கிய பெருமையைவிட, இரு கரைக் கைவினைஞரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்ட செய்தி மாணவர்க்கு உகந்தது. பாசிமணி அதற்குச் சான்று. சுங்கை மாசில் மணி இழுத்தவன் அரிக்கமேட்டிலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம்; அவனிடம் கற்ற உள்ளூரானாகவும் இருக்கலாம். கற்றவனுக்கே கலை உரியது என்று கொண்டால் இரண்டாமவனும் அதற்கு முழு உரிமையாளனே.

இவ்வளவும் நாகரிகப் பெருமை பற்றிய வழக்கு. உயிர்வழக்கு அன்று எனத் தோன்றலாம். 2004 டிசம்பர் 26 அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. சுமத்திராவுக்கு அருகே காலையில் எழுந்த நிலநடுக்கத்தின் பேரலைகள் நண்பகல் கடந்த வேளையில் மலேசியக் கரையை அடைந்தன. கெடாவில் மிகுதியாகத் தாக்குண்ட ஊர்களுள் கோத்தா கோலா மூடா முதன்மையானது. வீடுகளும் படகுகளும் சிதைந்தன. மலேசியாவில் மாண்டோர் 68 பேர். கடலின் மறுகரையில் நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒருகாலத்தில் ஒரே கடல்வழியின் இரு முனைகளாய் இருந்த இவ்விரு கரைகளையும் அன்று ஒரே அலை அடித்தது.

அலை என்னும் செய்தி தமிழுக்குப் புதிதா? கடல்கோள் என்னும் சொல்லையே பெற்றுள்ள மொழி இது. இறையனார் களவியல் உரை கபாடபுரம் கடல்கொள்ளப்பட்டதைக் கூறுகிறது. சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைக் கூறுகிறது. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தின் அழிவைக் கூறுகிறது. பல நூற்றாண்டு இச்செய்தி ஏடுகளில் பேணப்பட்டது. பேணப்பட்டும் ஒருவரையும் கரையிலிருந்து எழுந்து ஓடச் செய்யவில்லை.

சுமத்திராவின் மேற்கே, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்னும் தீவு உள்ளது. 1907-இல் அத்தீவைப் பேரலை தாக்கிப் பெருவாரியான மக்களை அழித்தது. எஞ்சியோர் அதனை ஸ்மோங் என்று பெயரிட்டுக் கதையாகவும் தாலாட்டாகவும் தம் மக்களுக்குச் சொன்னார்கள். செய்தி மிக எளியது: நிலம் வலுவாக ஆடிப் பின் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு, பொருளை எடுக்க நில்லாதே. 2004-இல் அத்தீவின் மக்கள் ஏறத்தாழ 78,000 பேர்; அலைக்கு இறந்தவர் 7 பேர் மட்டுமே. நாகையிலும் கோலா மூடாவிலும் நிலம் அத்துணை வலுவாக ஆடவில்லை. ஆதலின் அங்கு அதே பாட்டு அதே பயனைத் தந்திருக்கும் என்று உறுதி கூற இயலாது என்பது மெய்யே. ஆயினும் நாகைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும், கெடாவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமும் இடைவெளி இருந்தது. கடல் கொள்ளும் என்ற நினைவு கரையோர வாழ்க்கையில் உயிரோடிருந்தால் அவ்விடைவெளி முற்றும் வீணாகியிராது.

இரண்டு நினைவுகளுக்கும் என்ன வேற்றுமை? சிமெலுவேயின் பாட்டு செய்ய வேண்டியதைச் சொன்னது. தமிழ் மரபு இழந்ததைச் சொன்னது; இந்திரவிழாவை மறந்ததால் நகரம் அழிந்ததென ஒரு காரணமும் சொன்னது. அண்மைக் காலத்தில் அது இன்னும் பெருங்கற்பனையாய் வளர்ந்தது. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கெச்சங்கள் காணப்படுவதை விளக்க இலெமூரியா என்றொரு நிலப்பரப்பைக் கருதுகோளாகக் கூறினார். கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியானபின் அறிவியலார் அதனைக் கைவிட்டனர். தமிழருள் பலர் கைவிடவில்லை. அதனைக் குமரிக்கண்டமென ஏற்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கு முன் அங்கு எல்லாக் கலையும் இருந்தன என எழுதினர். கடல்கோள் என்னும் சொல் கரையோர மீனவனுக்குரிய எச்சரிக்கையாய் இராமல், மேடையில் நிற்போனுக்கு அணியாயிற்று. அறிவு அழிவதற்கு மறதி ஒன்றே வழியன்று. பெருமைப் பொருளாக்கிப் பூட்டி வைத்தலும் ஒரு வழியே.

இவ்விடத்து எழும் மறுப்பு வலியது. அதனைத் தட்டிக் கழித்தல் நேர்மையன்று. கெடாத் தோட்டங்களின் லயங்களில் பிறந்த பிள்ளைகள் கூலியின் மக்கள் என்றே பிறரால் அழைக்கப்பட்டனர். ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைத் தாங்கிய தோட்டப் பள்ளிகளில், கடாரம் கொண்டான் கதையைக் கேட்ட சிறுவன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அன்று வேறு எதுவும் கொடுப்பதற்கில்லை. அக்கதை சொன்ன ஆசிரியர்களைப் பழித்தல் தகாது. பசித்தவனுக்குக் கிடைத்த உணவை ஆராய்வோர் உண்டு முடித்தவர்களாகவே இருப்பர். எனினும், நிமிர்ந்த அச்சிறுவன் பல்கலைக்கழகம் செல்கிறான். அங்கு அவன் கதையின் மிகையெல்லாம் ஒரே நாளில் உடைபடும். மெய்யாக உள்ளதைக் கொண்டு அவனை நிமிர்த்தியிருந்தால் அவன் அங்கும் நிமிர்ந்தே இருப்பான். மெய்யாக உள்ளது குறைவன்று என்பதற்குப் பாசிமணி ஒன்றே போதும்.

மண்ணிலுள்ள சான்றுகளும் பேணுவாரின்றி நில்லா. பூஜாங் பள்ளத்தாக்கில் 1930-களில் குவாரிச் வேல்ஸ் எண்ணிட்டு ஆராய்ந்த கோவில்களுள் பதினொன்றாம் எண்ணுடையது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது, வீடமைப்புக்காக நிலம் திருத்துகையில் இடித்துத் தள்ளப்பட்டமை 2013-இல் வெளிவந்தது. மேடையில் கடாரம் வென்ற குரல்கள் அனைத்தும் அதன்பின்னரே எழுந்தன.

தோட்டங்களில் இன்னொன்று அழிந்துகொண்டிருக்கிறது. அதற்காக எக்குரலும் எழவில்லை. ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்ட நாள்முதல் பால்வெட்டுக் கலை அருகி வருகிறது. அதனைக் கலை என்று சொல்லவும் பலர் கூசுவர். இருள் புலரா முன் பிரட்டு முடித்து, தலைவிளக்கின் ஒளியில் நிரை நிரையாகச் சில நூறு மரங்களைச் சீவியவள் செய்த வேலை எத்தகையது? பட்டையின் பால் மிகுந்த பகுதி, மரத்தை வளர்க்கும் மென்படலத்துக்கு ஒட்டியே உள்ளது. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஒரு மயிரிழை மிகுந்தால் மரம் காயப்பட்டு, பட்டை மீண்டும் சீராய் வளராமல் முண்டு முண்டாய்ப் புடைக்கும். அடுத்த சில ஆண்டுகளில் அவ்விடத்தில் வெட்டவே இயலாது. எஞ்சவிட வேண்டிய கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதனை அளக்க அவளிடம் கருவி இல்லை. கத்தி செல்லும் ஓசையும் விரலும் அளந்தன. வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் நெடுநேரம் வடியும் என்பதையும் அவள் அறிவாள். உலையின் நிறம் கண்டு வெப்பம் அறிந்த சுங்கை மாஸ் கைவினைஞனும் இவளும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள்.

வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிய வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். பட்டைக்குள் ஓடும் பால்நாளங்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து செல்கின்றன. அச்சரிவில் வெட்டினால்தான் மிகுந்த நாளங்கள் அறுபடும் என்று தாவர நூலார் காரணம் கூறினர். சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் அத்தோட்டங்களை விட்டு வந்த முதியவர்கள் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அப்பிள்ளைகள் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு இராசேந்திரனின் கப்பல்களைப் பற்றி எழுதி, திருத்திப் பார்க்கச் சொல்லித் தந்தையிடம் நீட்டுகின்றனர். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளோடு பாட்டி அதே கூடத்தில் அமர்ந்திருக்கிறாள்.